வெண்கலத்தின் தொண்டை

அந்த நாடகக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெண்கலம் என்பார்கள். குரல் அப்படி. மைக் வைப்பது தன் பரம்பரைக்கே இழுக்கு என்று முதலாளி நினைத்த காலம் அது. கடைசி வரிசையில் கொட்டாவி விடுகிறவனும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறான், அவனுக்கும் கேட்க வேண்டாமா என்பார்.

பத்தொன்பது வயதில், தோழிகள் வரிசையில் ஆறாவது ஆளாக விளக்குப் பிடித்து நின்றாள். அரசி வருகிறார், வழி விடுங்கள் என்பது ஒன்றுதான் வசனம். அவள் அதைச் சொன்னதும் கொட்டாவி விட்டவன் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். முதலாளி அதைக் கவனித்தார். அடுத்த நாடகத்தில் அவளே அரசி. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் அவளை அந்த வேஷத்திலிருந்து அசைக்க ஒருத்தராலும் முடியவில்லை.

அப்பா அம்மா போனபின் மிஞ்சியது தங்கை ஒருத்திதான். பதினான்கு வயது இளையவள். அக்காவுக்குப் புடவை மடிப்பில் ஊசி குத்துவதும், நோட்டை வைத்துக்கொண்டு வசனம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதுமாகவே ஒப்பனை அறையில் வளர்ந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளேன் என்று யாராவது ஆரம்பித்தால், பிள்ளை பெற்று வளர்த்தே முடித்துவிட்டேன், இனிமேல் கல்யாணம் எதற்கு என்று வெண்கலம் இவளைக் கைகாட்டுவாள்.

நாற்பத்தொன்றில் தொண்டையில் முள் சிக்கியது போல ஓர் உறுத்தல். டாக்டர் உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்து, கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம், ஆனால் மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார். மூன்று மாதமா! கம்பெனியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருத்தர் வேஷத்தை இன்னொருத்தர் தொடர்ந்து மூன்று ஆட்டம் கட்டிவிட்டால், அது கட்டியவருக்கே சொந்தம். முதலாளியின் மருமகளே பிரசவத்துக்குப் போய்த் திரும்பியபோது தோழிகள் வரிசையில்தான் இடம் கிடைத்தது. வெண்கலம் டாக்டருக்குத் தலையை ஆட்டிவிட்டு நேரே ஒத்திகைக்குப் போய்விட்டாள்.

பிறகு அவள் செய்தது கெட்டிக்காரத்தனமான முட்டாள்தனம். பகலெல்லாம் கிசுகிசுத்தால் சாயங்காலத்துக்குக் குரல் மிச்சமாகும் என்று நாடகக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. மிச்சமாவதாவது! புண்ணான தொண்டைக்குக் கிசுகிசுப்பு எமன், இனிக் கட்டியை எடுத்தாலும் குரல் திரும்பாது என்று பின்னால் அதே டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். எட்டு மாதம் ஊர் உலகத்தோடெல்லாம் கிசுகிசுத்தாள். வீட்டுக்காரம்மா ஏதோ ரகசியம் போலிருக்கிறது என்று தானும் பதிலுக்குக் கிசுகிசுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மகனைக் கொன்றவனை அரசி சபிக்கிற காட்சி. வாயைத் திறந்தாள். துருப்பிடித்த கதவுச் சத்தம்தான் வந்தது. எவனோ ஒருவன் சிரித்தான். அப்புறம் அரங்கமே சிரித்தது. திரையை இறக்கினார்கள். வசனம் முழுக்கத் தெரிந்த வேறு ஆள் தங்கைதான். வெண்கலமே கிரீடத்தைக் கழற்றி அவள் தலையில் வைத்தாள்.

"இன்னிக்கு மட்டும்டி" என்றாள்.

சனியும் ஞாயிறும் ஆட்டம் இருந்தது. மூன்று ஆட்டமும் தங்கையே கட்டினாள். முதலாளி சட்டத்தைச் சொன்னார். வேஷம் அக்காவுக்கே இருக்கட்டும் என்று தங்கை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வளர்த்தவள் வாயிலேயே மண்ணைப் போட்டுவிட்டாயே என்று வெண்கலம் அவளைக் கேட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பல மாதம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலாளிக்கும் நெஞ்சில் கொஞ்சம் ஈரம் இருந்தது. உனக்குத்தான் கிசுகிசுக்க வருகிறதே, மேடையோரத்து மறைப்புத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடு என்றார். அரசியாக இருந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தங்கை பயந்தாங்கொள்ளி. அவள் கண் தட்டிப் பக்கம் ஓடும்போதெல்லாம் வெண்கலம் அடுத்த சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். இன்றைக்கு நான் ஒரு வரியை விழுங்கிவிட்டால் என்ன ஆவாள் இவள் என்று நினைக்கவும் செய்தாள். பொய் சொல்வானேன், ஒவ்வொரு ஆட்டத்திலும் நினைத்தாள். ஆனால் ஒருநாளும் செய்யவில்லை. வருஷம் ஒன்று இப்படிப் போனதில் தங்கைக்கும் மனசு இளகியது.

"பெரிய கம்பெனிக்காரங்க ஞாயித்துக்கிழமை என்னைப் பார்க்க வராங்கக்கா. எடுத்துக்கிட்டா நீயும் என்கூட வந்துடணும். நீ இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்" என்றாள்.

வெண்கலம் அன்றைக்கு அழுதாள். வேஷம் போனால் போகட்டும், பிள்ளை திரும்பி வந்துவிட்டாள், அது போதும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். பெரிய கம்பெனிக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சபிக்கிற காட்சியில் தங்கை பாதி வசனத்தில் நின்றுவிட்டாள். கண் தட்டிப் பக்கம் ஓடியது. அந்த நேரம் பார்த்தா வெண்கலத்துக்கு இருமல் வர வேண்டும்! ஒரு வாரமாகவே இருமல் படுத்திக்கொண்டிருந்தது. தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் சத்தம்கூட அரங்குக்குக் கேட்கக் கூடாது. இருபது வருஷத்துக்கு மேல் ஊறிப்போன பழக்கம். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு குனிந்தாள். அடக்க அடக்கத் தோள் இரண்டும் குலுங்கின. வெளிச்சத்தில் நின்ற தங்கைக்கு அரை இருட்டில் தெரிந்தது அவ்வளவுதான். வாயில் முந்தானை, குலுங்குகிற தோள்.

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசை எழுந்து வெளியே போனது.

ஒப்பனை அறையில் தங்கை கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள். "என்னை அங்க நிக்க வெச்சுட்டு நீ சிரிச்சே. நான் பார்த்தேன்."

வெண்கலம் இல்லை என்று தலையாட்டினாள். இருமல் அடங்கியிருந்தது, ஆனால் கிசுகிசுப்பும் அதோடு போயிருந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். தங்கை திரும்பி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு வருஷமாக நினைத்ததெல்லாம் அந்த நேரத்தில் முகத்தில் வந்து நின்றதோ என்னவோ, வெண்கலத்தின் பார்வை ஒரு கணம் கீழே தாழ்ந்தது. தங்கைக்கு அது போதுமாக இருந்தது.

"நடிக்காதேக்கா" என்றாள். கிரீடத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே போய்விட்டாள்.