அங்க ஆளு கீது

எங்கள் நைனா பிறந்தது ராயபுரத்தில், மீன்வலை காயும் ஒரு சந்தில். ஞாயிறுதோறும் மாதா கோயில் பாட்டுக்குழுவுக்கு ஹார்மோனியம் வாசித்தார். வீட்டிலும் சொந்தமாக ஒரு ஹார்மோனியப் பெட்டி வைத்திருந்தார். போர் வந்தது. பட்டாளத்து லாரி ஓட்டப் பர்மா எல்லைக்குப் போனார்.

குண்டு விழப்போகிறது என்று சென்னையே காலியானபோது, அம்மா ஐந்து பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினார். பிள்ளைகளுக்கே கை போதவில்லை. பெட்டி வீட்டில் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது பூட்டு உடைந்திருந்தது.

போர் முடிந்து வாசலில் வந்து நின்ற நைனா கேட்ட முதல் கேள்வி: "பொட்டி எங்க?"

"அஞ்சு உசுர காப்பாத்தி நிக்க வெச்சிகீறேன். பொட்டியக் கேக்குறியே, நீயெல்லாம் இன்னா மன்சன்யா?" என்றார் அம்மா.

நைனா ஐவரையும் பார்த்தார். வரிசையாக நிறுத்தினார். மோகன ராகத்துக்கு ஐந்து சுரம் போதும். பெரியண்ணன் ச, பெரியக்கா ரி, சின்னக்கா க, அடுத்த இரண்டு அண்ணன்மார் ப, த. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு, கிரீஸ் மணக்கும் கையோடு வந்து, தலை தலையாகத் தொட்டு வாசிப்பார். தொட்ட தலை பாட வேண்டும்.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் சின்னக்கா விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். காசிமேட்டுக் கல்லறையில் புதைத்துவிட்டு வந்த அன்று மாலையே நைனா நால்வரையும் நிறுத்தினார், நடுவில் ஓராள் இடம் விட்டு. ச, ரி. பிறகு கை வெறுங்காற்றை அழுத்தியது. ப, த.

"மாமு, உங்க நைனா பொட்டில ஒரு கட்டை பூட்ச்சு!" என்று சந்தே சிரித்தது. தாங்கமுடியாமல் பெரியண்ணன் ஒருநாள் அந்தச் சுரத்தையும் சேர்த்துப் பாடினார். அதுவரை பிள்ளைகள்மேல் ஓங்காத கை அன்று அறைந்தது. "அது அவ எடம்டா."

நான் அதற்குப் பிறகு பிறந்தவன். எனக்குச் சுரம் இல்லை. கப்பல் சங்கோடும் அலையோடும் சின்னக்காவின் 'க'வை, அந்த ஒரு காந்தாரத்தையே பாடிப் பாடி வளர்ந்தேன். ஒருநாள் போய் அந்த இடைவெளியில் நின்றேன். பஸ்ஸில் உட்கார இடம் கேட்டவனிடம் சொல்வதுபோல, கோபமே இல்லாமல் சொன்னார்: "நவுருப்பா. அங்க ஆளு கீது."

கடைசி ஆண்டுகளில் பார்வை போனது. திருவொற்றியூரில் என் வீட்டில்தான் இருந்தார். ஊட்டியது நான், கழுவியது நான். கடைசி நாளன்று எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். கை பெரியண்ணன் தலையைத் தேடித் தொட்டது, பெரியக்காவைத் தொட்டது. அடுத்து என் தலையைக் கொடுத்தேன். பாடினேன். பிசகவில்லை. விரல்கள் என் முடியைத் தடவின, காதைத் தடவின, நின்றன.

"நவுரு," என்றார். பிறகு பேசவேயில்லை.

தோள் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும், உடனிருந்து உதவிய தெருக்காரர்களுக்கும், சின்னக்காவின் குழியைத் திறந்து அதிலேயே நைனாவைக் கிடத்திய கல்லறைப் பணியாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. முதலாண்டுத் திருப்பலி முடிந்ததும் நால்வரும் பாடுவார்கள். நடுவில் ஒரு சுரம் வராது. இரக்கப்பட்டு யாரும் அதை நிரப்பிவிட வேண்டாம். நானும் வாய் திறக்கப் போவதில்லை.

அங்கே ஆள் இருக்கிறது.