விழுங்கினார் என்று எழுதினேன்

நான் பொய் எழுதினேன். அந்தப் பொய் வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனிதரைச் சாக விட்டேன். கொன்றேன் என்று சொல்ல முடியாது, ஆனால்... பாருங்கள், ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும் 'ஆனால்' போடுகிறேன்! இதுதான் நான்.

கொரோனா இரண்டாம் அலை நேரம். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. மூச்சுத் திணறலோடு வந்து படுத்தவர்களுக்கு ஒரு புது மாத்திரையைக் கொடுத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது. மாத்திரை கொடுப்பதும் ஏட்டில் குறிப்பதும் என் வேலை. மருந்தியல் படித்துவிட்டுக் காட்டுமன்னார்கோயிலில் சும்மா கிடந்தவனுக்கு அது பெரிய உத்தியோகம். 'பையன் ஆராய்ச்சியில இருக்கான்' என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆக்சிஜன் முகமூடியைத் தூக்கி, மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே 'விழுங்கினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் ஒருநாளும் பார்க்கவில்லை. ஒருநாளும்! முகமூடி இல்லாத வாயருகே குனிய எனக்குப் பயம். பயம் என்ன பயம், அருவருப்பு! இருமுகிற வாய், காய்ந்து வெடித்த உதடு, அந்த வாடை... கட்டிலின் கால்மாட்டில் நின்று கையை நீட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வெளியே வந்து எல்லோருக்கும் ஒரே மூச்சில் எழுதுவேன். விழுங்கினார், விழுங்கினார், விழுங்கினார்.

கஸ்தூரி அக்கா தேவனாம்பட்டினத்துக்காரர், மீன் விற்பவர். அடுத்த கட்டிலில் அவர் கணவர் செல்வராசு. நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும். அக்காவைச் சோதனையில் சேர்த்தார்கள். கணவரைச் சேர்க்கவில்லை. அவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மருந்து ஆகாது.

"தம்பி, அவருக்கும் அந்த மாத்திரயக் குடுங்க தம்பி. என்னவிட அவருக்குத்தான் ஜாஸ்தியா இழுக்குது" என்று முதல் நாளே அக்கா கெஞ்சினார்.

"அவுரு பேரு லிஸ்டுல வராதுக்கா" என்றேன்.

ஏன் வராது என்று சொன்னேனா? இல்லை. கவச உடைக்குள் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, எப்போது கழற்றி எறிவோம் என்றிருந்தது எனக்கு. அக்கா என்ன நினைத்திருப்பார்? நல்ல மருந்து எண்ணித்தான் வருகிறது, வீட்டுக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்திருப்பார். நீங்களாக இருந்தால் வேறு என்ன நினைப்பீர்கள்?

நான்காம் நாள் காலை, மறந்து வைத்துவிட்டுப் போன மாத்திரைத் தட்டை எடுக்கத் திரும்பி வந்தேன். திரையின் இடுக்கில் தெரிந்தது. அக்கா கன்னத்தில் அடக்கியிருந்த மாத்திரையை விரலால் எடுத்தார். முந்தானையில் துடைத்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து கணவரின் முகமூடியைத் தூக்கினார்.

"இந்தாய்யா, முழுங்கு. நல்ல மாத்திர. நேத்து முழுங்குனல்ல, அதேதான்."

நேற்று! அப்படியானால் அதற்கு முந்தைய நாளும்...

இரண்டு எட்டு வைத்துக் கையைப் பிடித்திருந்தால் போதும். நான் சத்தமில்லாமல் பின்வாங்கினேன்.

'பாவம், புருஷன் மேல் உள்ள பாசத்தில் செய்கிறார், நாம் ஏன் கெடுக்க வேண்டும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமாம்! தூ! சொன்னால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். வாயைப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள். வேலை போய்விடும்.

இரண்டு நாளில் செல்வராசுக்குச் சிறுநீர் நின்றுபோனது. டாக்டர் குழம்பிப்போனார். "நாட்டு மருந்து, வெளி மருந்து ஏதாவது குடுத்தீங்களாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஐயோ, வெளி மருந்து ஒண்ணும் குடுக்கலீங்க சார்."

அது பொய்கூட இல்லை. அவர் கொடுத்தது ஆஸ்பத்திரி மருந்துதானே! டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ எதாவது பாத்தியாப்பா?"

"இல்ல சார்."

கூசாமல் சொன்னேன். அதோடு விட்டேனா? மறுநாள் காலையும் அக்காவின் கையில் மாத்திரையை வைத்தேன். அது யார் வாய்க்குப் போகும் என்று தெரிந்தே வைத்தேன். வெளியே வந்து 'விழுங்கினார்' என்று எழுதினேன். அதற்கு அடுத்த நாள் செல்வராசு இறந்துபோனார்.

அது மருந்தா, மாவா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மாவாக இருந்திருக்கலாம், நோயே அவரைக் கொண்டுபோயிருக்கலாம்... இப்படி நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். தூக்கமும் வருகிறது, வெட்கங்கெட்ட தூக்கம்.

போன வருடம் கடலூர் மீன் மார்க்கெட்டில், வஞ்சிரம் இருக்கிறதா என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்தார். கஸ்தூரி அக்கா!

"இந்தக் கொரலு... நீங்க அந்த மாத்திர குடுத்த தம்பிதானே? மூஞ்சியே பாத்ததில்ல!" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, யாருகிட்டயும் கேக்க முடியல. நான் முழுங்காம அவருக்குக் குடுத்துட்டேன். பொழைக்கட்டுமேன்னுதான் குடுத்தேன். அதால எதாவது ஆயிருக்குமா?"

எனக்குத் தெரியும்கா, நான் பார்த்தேன்கா, தப்பு என்னுதுக்கா... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னது என்ன தெரியுமா?

"என்னாக்கா இப்புடிப் பண்ணிட்டீங்க? அப்பவே எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல!"

அப்போதுதான் கேள்விப்பட்டவனைப் போல முகத்தை வேறு வைத்துக்கொண்டேன். சீ!

அக்காவின் கை அரிவாள்மனை மேல் அப்படியே நின்றது. "அப்ப நாந்தானா..." என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. பிறகு மீனை வெட்டிக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டேன்!

உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது, நீங்கள் யாரோ. சொல்ல வேண்டியவர் தினமும் அந்த மார்க்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார், புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டு. மாதத்துக்கு இரண்டு முறை கடலூருக்குப் போகிறேன். மார்க்கெட் வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன்.