மூடியில் எடுத்த எச்சம்

ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டில் என் மகள் தீபா, புஜ்ஜி என்ற லெப்பர்ட் கெக்கோ பல்லியை வளர்க்கிறாள். போன மாதம் அதன் தடித்த வால் மெலியத் தொடங்கியது. வயிற்றில் பூச்சி இருக்கலாம், எச்சம் கொண்டு வாருங்கள் என்றார் கால்நடை மருத்துவர்.

கண்ணாடிப் பெட்டியின் மூடியில், உட்பக்கம் ஒட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பூச்சி இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் புஜ்ஜி இரையைத் தொடவில்லை. வால் பென்சில் போலாகிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சூடு போதவில்லையா, மணலை விழுங்கிவிட்டதா?

"அம்மா, புஜ்ஜி சச்சிபோதுந்தா?" என்று தீபா தெலுங்கில் கேட்டாள். செத்துவிடுமா என்று கேட்கிறாள்.

மறுபடி மருத்துவரிடம் ஓடினேன்.

"எச்சத்தை எங்கேருந்து எடுத்தீங்க?"

"பெட்டி மூடியிலேர்ந்து, டாக்டர்."

"இந்தப் பல்லிக்குக் கண்ணாடியில ஏற வராதேம்மா."

அப்போதுதான் விளங்கியது. இரையைத் தேடிப் பெட்டிக்குள் புகுந்த வீட்டுப் பல்லியின் எச்சத்தைக் கொடுத்திருக்கிறேன்.

மணலை அகற்றி, டிஷ்யூ பேப்பர் விரித்து, அதில் புஜ்ஜி போட்டதைக் கொண்டுபோனேன். பூச்சி முட்டைகள் இருந்தன. மருந்து கொடுத்த இரண்டு வாரத்தில் புஜ்ஜி சாப்பிட ஆரம்பித்தது.

இப்போதும் டிஷ்யூ பேப்பர்தான் விரிக்கிறேன். மூடி இடுக்கை வலையால் அடைத்துவிட்டேன். புஜ்ஜி போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே, சோதனைக்கு எச்சம் எடுக்கும் டப்பாவைத் திறக்கிறேன்.

- கோமதி, ஹைதராபாத்