ஓட்டை கிடார்

மேடவாக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் காபிக் கடையில் ஒரு கிடாரைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். மாட்டிவிட்டுப் போகட்டும், மான் தலையையே மாட்டிய ஊர்தானே இது. ஆனால் அதன் வயிற்றுக்குள் சீரியல் பல்பு போட்டிருக்கிறார்கள். வயலினுக்கு இருக்குமே, ஆங்கில எஃப் எழுத்தைச் சாய்த்து வெட்டியது போல, அந்த மாதிரி இரண்டு ஓட்டைகள் அதன் மார்பில் உண்டு. அவற்றின் வழியே சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் விட்டு விட்டு வருகிறது. ஆடி மாதத்து அம்மன் கோயில் பந்தலில் இருப்பதில் பாதி ரசனையாவது அதில் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "ஏம்மா, அதை எறக்கிக் கொஞ்சம் வாசிக்கலாமா?"

"அது ஷோ பீஸ், அங்கிள்."

"அதுக்குள்ள எதுக்கும்மா பல்பு?"

"ஆம்பியன்ஸ், அங்கிள்."

வாக்கியத்துக்கு ஒரு அங்கிள் வீதம் வாங்கிக்கொண்டு வந்து, கிடாருக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். பழைய மாதிரிச் சூடாகிற பல்பு போலிருக்கிறது. காபி மணத்தை மீறி, வெந்துகொண்டிருக்கும் வார்னிஷின் வாசனை மெல்ல இறங்கியது. அது என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம், மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடி.

அங்கேதான் எங்கள் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். கீழே பஞ்சர் ஒட்டும் பசையின் நெடி. மேலே சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் நெடி. நடுவில் நாங்கள். குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசித்த தன்ராஜ் அண்ணன். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பதால் தாளம் தவறினால் மன்னிக்கவே மாட்டார். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாலை ரயிலில் தாம்பரம் வந்து இறங்கியதும் கிடார் வித்வான். இரண்டு வேலையிலுமே என்னைப் பற்றி மேலே இருப்பவர்களுக்குச் சந்தேகம் இருந்தது.

என் கிடார் பரங்கிமலையில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியரிடம் வாங்கியது. நட்சத்திர ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தவர். ஹோட்டல்காரர்கள் அவரை நிறுத்திவிட்டு கேசட் போட ஆரம்பித்ததும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டார். "பேபி மாதிரி பாத்துக்கோ, மேன்" என்று கொடுத்துவிட்டு, பெட்டியை மூடுவதற்கு முன் அதை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். மனிதர் கிடாரை முகர்ந்து பார்ப்பாரா என்று அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் ரயிலில் வந்தபோது எதிரே ஒரு பூக்காரம்மா.

"இன்னா நைனா, உள்ள மெஷினா கீது?"

"கிடாரும்மா."

"அத்த எதுக்கு இப்டி கட்டிப் புடிச்சிகினு கீற? எய்ந்து ஓடியா பூடும்?"

ஓடித்தான் போகும் என்று பயந்தேன். அவ்வளவு அழகு. பழுத்த மாம்பழத்தின் நிறம், ஓரத்தில் கறுப்பு. அதை செமி ஹாலோ என்பார்கள். விஷயம் சுலபம். முழுக்கக் குடைந்த கிடார் கரண்டு இல்லாமலேயே உரக்கப் பாடும். முழுப் பலகையில் செய்த கிடார் கரண்டு இல்லாவிட்டால் முனகக்கூட முனகாது. இது இரண்டுக்கும் நடுவே. நெஞ்சின் மத்தியில் ஒரு கட்டை ஓடும், அதற்கு இரு பக்கமும் வெற்றிடம், வெற்றிடத்துக்கு ஜன்னல் வைத்தது போல அந்த இரண்டு ஓட்டைகள். தன்ராஜ் அண்ணனிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப முழுசா அதுவும் இல்ல, முழுசா இதுவும் இல்ல. உனக்குன்னே செஞ்சிருக்கான் தம்பி."

என்னைச் சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு ஒரு சொல். மைக் செட் மணிதான் அதை ஆரம்பித்து வைத்தவன். முதல் நாளே வயரைச் சொருக வந்தவன் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், புதுசுன்ன? ஓட்டையால்ல கீது!" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் குழுவில் அதற்குப் பெயரே 'ஓட்டை கிடார்'. தமிழில் ஓட்டை என்ற சொல்லின் சகவாசம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். ஓட்டை பஸ், ஓட்டை சைக்கிள், ஓட்டை வாய். புல்லாங்குழலில் இருப்பதும் ஓட்டைதானே? யாராவது ஓட்டைக் குழல் என்கிறார்களா? அங்கே மட்டும் 'துளை' என்று செந்தமிழ் பொங்கும். என் கிடார் என்ன பாவம் செய்தது? கல்யாண வீடுகளில், "ஏம்பா, நல்லதா ஒண்ணு வாங்கக் கூடாதா?" என்று மாப்பிள்ளை வீட்டார் துக்கம் விசாரிப்பார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஊளையிடும். ஸ்பீக்கர் சத்தம் அந்த ஓட்டைகளுக்குள் புகுந்து, உள்ளே சுற்றி, மறுபடி கம்பி வழியாக ஸ்பீக்கருக்கே போய், இப்படி ஒன்றை ஒன்று துரத்தி மாடியே அலறும். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தேன். ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில், ஒரு தோளைச் சபைக்குக் காட்டி, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி நிற்க வேண்டும். அப்போது அது ஊளையிடாது, பாடும். ஊளைக்கும் பாட்டுக்கும் நடுவே மயிரிழை அகலத்தில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் ஒரு சுரத்தை நிறுத்தினால் அது விளக்குச் சுடர் மாதிரி தானாக நின்று எரியும். அதற்காகத்தான் ஐயா நான் கிடாரே வாசித்தேன். ஆனால் மேடைக்கு மேடை இடம் மாறும். இதே மேடவாக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவில் இடம் தவறிவிட்டது. அது போட்ட ஊளைக்கு மேடவாக்கத்து நாய்கள் அத்தனையும் சுருதி சுத்தமாகப் பதில் சொல்லின.

தன்ராஜ் அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார். "வர்ற ஞாயித்துக்கெழமை அரிசி மண்டிக்காரர் வீட்டு ரிசப்ஷன். அங்க மட்டும் இது ஊளையிட்டுதோ, பல்லாவரத்துல பலகை கிடார் வச்சிருக்கறவரைக் கூப்ட்டுடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாத."

நான் வருத்தப்பட அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே கல்யாண மண்டபத்துக்குப் போய், காலி மேடையில் நின்று, ஸ்பீக்கர் எங்கே வரும், நான் எங்கே நிற்பது என்று சாக்பீஸால் பாத அடையாளமே போட்டுவிட்டு வந்தேன். வாட்ச்மேன் என்னை வாஸ்து பார்க்க வந்தவன் என்று நினைத்து, தன் வீட்டு வாசற்படியைப் பற்றி ஆலோசனை கேட்டார்.

அந்த வாரம் அஸ்தினாபுரத்தில் மழை. எங்கள் வீட்டில் எல்லா மழைக்கும் மொட்டை மாடி ஒழுகும். ஒழுகினால் என் அக்கா எஸ்தரின் கணவர் ஜெயராஜ் மாமா வந்துவிடுவார். ரயில்வேயில் ஃபிட்டர். தங்கமான மனிதர். ஒரே ஒரு பலவீனம்: உலகத்தில் எங்கே ஓட்டையைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். தண்ணீர்த் தொட்டி விரிசலுக்கு வைக்கும் களிம்பு இருக்கிறதே, இரண்டு நிறத்தில் வரும், சப்பாத்தி மாவு போலப் பிசைந்து அப்பினால் சற்று நேரத்தில் கல்லாகிவிடும், அது அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். மற்றவர்கள் வெற்றிலை பாக்கு வைத்திருப்பது போல.

சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். மாமா முழங்கைவரை சாம்பல் நிறத்தோடு, காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா மச்சான். மாடியும் அடைச்சாச்சு, உன் கிடாரும் அடைச்சாச்சு."

எனக்குப் புரியவில்லை. கட்டிலைப் பார்த்தேன். பெட்டி நனைந்துவிடும் என்று அக்கா கிடாரை எடுத்துக் கட்டிலில் கிடத்தியிருந்தாள். அதன் மார்பில் ஜன்னல்கள் இல்லை. வழவழவென்று தேய்த்து, மாம்பழ நிறத்தில் பெயின்ட் வேறு.

"கலந்தது மீந்துபோச்சு மச்சான். விட்டா கல்லாயிடும், வேஸ்டு. சரி, ரொம்ப நாளா உன் கிடாரை ஓட்டை ஓட்டைன்னு எல்லாரும் சொல்றாங்களே, எலி கிலி பூந்துட்டா என்ன பண்றதுன்னு..."

"கலர் மேட்ச் பண்றதுக்கே ஒரு மணி நேரம் உக்காந்தாருடா" என்றாள் அக்கா. அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் அக்கா புருஷனைத் திட்டுகிற வசதி கிடையாது. அவர் வீட்டையே இடித்துவிட்டாலும், காற்றோட்டமாக இருக்கிறது மாமா என்றுதான் சொல்ல வேண்டும்.

"ரொம்ப தேங்க்ஸ், மாமா" என்றேன்.

"நமக்குள்ள என்ன மச்சான் தேங்க்ஸு."

ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனில் நடந்ததுதான் உலகத்திலேயே பெரிய அநியாயம். அது ஊளையிடவில்லை. சாக்பீஸ் அடையாளத்தைப் பந்தல்காரர்கள் எப்போதோ மிதித்து அழித்திருந்தார்கள். ஆனாலும் ஊளை இல்லை. எங்கே நின்றாலும், எப்படித் திரும்பினாலும் சமர்த்தாக ஒலித்தது. வம்புக்கென்றே ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போய் நின்று பார்த்தேன். அப்போதும் சமர்த்து. அந்த மயிரிழை இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. சுரம் கிளம்பியது, முடிந்தது, பல்லாவரத்துப் பலகை மாதிரியே. "இப்பதாண்டா அது கிடாரு!" என்று தன்ராஜ் அண்ணன் முதுகில் தட்டினார். மணி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். மண்டிக்காரர் சால்வை போர்த்தினார். முன்வரிசையில் மாமா, பக்கத்தில் இருந்தவரிடம் என் கிடாரைக் காட்டி ஏதோ சொல்வதும், அவர் திரும்பி மாமாவை மரியாதையாகப் பார்ப்பதும் மேடையிலிருந்தே தெரிந்தது.

தோற்றிருந்தால் கோபப்பட நான்கு பேர் துணைக்கு வந்திருப்பார்கள். ஊரே கைதட்டும்போது எந்த மூலையில் போய் ஆத்திரப்படுவது?

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். எனக்குச் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கிடையாது. குமாஸ்தா வீட்டில் கரண்டு இல்லாமல்தான் அது பாடும். சாயங்காலங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து மீட்டினால், அந்த இரண்டு ஓட்டைகள் வழியாக, பக்கத்து அறைக்குக் கேட்காத ஒரு குரல் என் வயிற்றுக்கும் சட்டைக்கும் நடுவே வந்து பேசும். மேடைக்குத் தெரியாத குரல் அது. அந்தப் பரங்கிமலைக்காரர் எதை முகர்ந்தார் என்று அந்தச் சாயங்காலங்களில்தான் எனக்குப் புரிந்திருந்தது. இப்போது அங்கே மீட்டினால் போர்வைக்குள் யாரோ இருமுவது போல இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தில் மெல்ல நெம்பிப் பார்த்தேன். களிம்பு அசையவில்லை, மரம்தான் சிம்பு சிம்பாக வந்தது. விட்டுவிட்டேன்.

மாமா அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், "மச்சான் கிடாருக்கு நான்தான் ஓட்டை அடைச்சேன்" என்று ஆரம்பித்துவிடுவார். நான் தலையாட்டுவேன். எத்தனை வருஷம் தலையாட்டினேன் என்கிறீர்கள்! கழுத்து வலிக்கு டாக்டரிடம் போனபோது உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை.

தொண்ணூறுகள் முடிவதற்குள் குழுவும் கலைந்துவிட்டது. பாடகர்கள் இசையைக் கேசட்டிலும் பிறகு சிடியிலும் பதிந்து எடுத்துக்கொண்டு தனியாக வர ஆரம்பித்தார்கள். அரிசி மண்டிக்காரர் வீட்டு அடுத்த கல்யாணத்தில் மேடையில் ஒரே ஓர் ஆள், ஒரு மைக். மைக் செட் மணி ஸ்பீக்கரை விற்றுவிட்டு வேன் வாங்கினான். சைக்கிள் கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வந்தது, அப்புறம் அது மெஸ் ஆனது. கிடார் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது.

பிறகு ஒரு பெருமழை. ஏரி எங்கள் தெரு வழியாக நடந்து போனது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அது வடிந்த பிறகு சேறு வார ஜெயராஜ் மாமாவும் வந்தார், அப்போது ரிட்டயர் ஆகிவிட்டிருந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தோம். கிடாரின் மார்பு ஒட்டுப்பலகை. பசை ஊறிப்போய், அப்பளக் கட்டு நனைந்தது போல ஏடு ஏடாகக் கழன்று கிடந்தது. மாம்பழ நிறம் சேற்றோடு போய்விட்டது. மாமா சேற்றுக்குள் கையை விட்டு எதையோ எடுத்து வேட்டியில் துடைத்தார். கல்லாக இறுகிய இரண்டு எஃப் எழுத்துகள். ஒரு கீறல் இல்லை.

"பாத்தியா மச்சான்?" என்றார் மாமா, உண்மையான சந்தோஷத்தோடு. "கிடாரே போயிடுச்சு, நான் அடைச்சது நிக்குது பாரு!"

"ஆமாம் மாமா" என்றேன். "உங்க வேலைன்னா சும்மாவா?"

அவர் இப்போது இல்லை. அந்த இரண்டும் என் அலமாரியில் இருக்கின்றன. கோபம் வரும்போது எடுத்துப் பார்ப்பேன். அவர் விரல் பதிந்த தடம் ஒன்றின் பின்பக்கம் இருக்கிறது, அதனால் கோபமும் முழுசாக வருவதில்லை.

மேடவாக்கத்துக் காபி ஆறிவிட்டது. எழுந்து போய்க் கல்லாப் பெண்ணிடம் மறுபடி நின்றேன்.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம் அந்த பல்பை மட்டும் எடுத்துட முடியுமா?"

அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பொறுமையான பெண்தான்.

"பல்பை எடுத்துட்டா வெறும் ஓட்டைதான் அங்கிள் தெரியும்."

"தெரியட்டும்மா" என்றேன்.