இவரு எங்க தேடுறாரு?

கணினியில் பிழைச்செய்தியைப் பார்த்ததும் சித்திகா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கிறார். நாமெல்லாம் இப்படி எதையாவது கண்டால் பாதியிலேயே மூடிவிடுவோம். அவர் கடைசிப் புள்ளி வரை போவார். பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: "இவரு எங்க தேடுறாரு?"

'இவரு' என்பது கணினி நிரல். கணவர் வாஜித்துக்குக்கூட அந்த மரியாதை கிடைப்பதில்லை. அவரை "வாஜித், இங்க வா" என்றுதான் கூப்பிடுவார்.

சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சித்திகா கணினி பழுதுபார்க்கிறார். தயாரித்த கம்பெனியே மூடிப்போன நிரல்களை ஓட வைப்பதென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எதையும் மாற்றுமுன் பழையது எப்படி இருந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். திரும்பி வர வேண்டியிருந்தால் எங்கே இருந்தோம் என்று தெரிய வேண்டாமா என்றார்.

அன்று என் பக்கத்து வீட்டு எப்சி டீச்சரின் வீட்டுக்கு அவரை அழைத்து வந்திருந்தேன். தொண்டை அறுவை சிகிச்சையில் டீச்சருக்குக் குரல் போய்விட்டது. அதற்கு முன்பே பத்து நாள் உட்கார்ந்து தன் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தார். தட்டச்சு செய்வதை அந்தக் குரலில் பேசிக் காட்டும் நிரல் ஒன்று அவருடைய மடிக்கணினியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது, நிரல் திறக்கவில்லை. நாங்கள் போனதற்கு மறுநாள் காலை மகள் ரேஷ்மாவுக்கு நிச்சயதார்த்தம். ஜெபத்தை அம்மாதான் சொல்ல வேண்டும், அம்மா குரலில்தான் சொல்ல வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள்.

டீச்சரின் தம்பி சாலமன் முதலில் கைவைத்திருந்தார். பல நிரல்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் கோப்புகளை லைப்ரரி என்கிறார்கள். பேச்சு நிரலுக்கு வேண்டிய பழைய லைப்ரரிகள் வேறு ஃபோல்டருக்குப் போயிருந்தன. சாலமன், எல்லா நிரல்களுமே முதலில் அங்கே போய்த் தேடும்படி ஒரு வரி எழுதிவிட்டார். புதியதற்குப் பதில் அங்கிருந்த பழையதை எடுத்துக்கொண்ட மற்ற நிரல்களும் படுத்துவிட்டன. திரையில் ஒரு ஐகான்கூட வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

சித்திகா அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒருத்தருக்கு வழி தெரியலன்னு ஊர்ல இருக்குற போர்டையெல்லாம் மாத்துவாங்களா அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வரியை நீக்கினார். பேச்சு நிரலை நகலெடுத்து வைத்துக்கொண்டு, லைப்ரரிகளைத் தேட அதற்குள்ளேயே எழுதியிருந்த பழைய முகவரியை எடுத்துவிட்டு, புது ஃபோல்டரின் முகவரியை எழுதினார். இவர் மட்டும் அங்கே போகட்டும், மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கட்டும் என்றார். எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இவ்வளவுதானா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நிரல் திறந்தது. திரையில் காலிப் பெட்டி. ஏதாவது தட்டிப் பாருங்கள் என்றேன். சித்திகா கையை எடுத்துவிட்டார்.

"அது அவங்க குரல் சார். முதல் வார்த்தைய நான் எப்படி அடிக்கிறது?"

மடிக்கணினியை டீச்சர் பக்கம் திருப்பினார். டீச்சர் ஒற்றை விரலால் தட்டினார். "ரேஷ்மா" என்றது அது. கொஞ்சம் அதட்டலான, எங்கள் தெருவுக்கே தெரிந்த குரல்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் பழக்கத்தில் "என்னம்மா?" என்றாள். சற்றுக் கழித்துத்தான் குழாய் நின்றது. அவள் ஓடிவரும் சத்தம் கேட்டதும் சித்திகா எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாக ஒதுக்கினார்.