வேட்டியில் வடித்த தண்ணீர்

கோவிந்தராஜுக்கு வடிகட்டுவதில் அப்படியொரு நம்பிக்கை. ஆவடி தொழிற்சாலையில் எண்ணெய் வடிகட்டியே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். துணியைத் தாண்டி வந்தது சுத்தம், அவ்வளவுதான். டீயைக்கூட இரண்டு தடவை வடிகட்டிக் குடிக்கிற மனுஷன்.

வெள்ளானூர் வீட்டின் பின்பக்கம் ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் மனைவி வனஜா வெள்ளை அல்லி வளர்த்தாள். கர்ப்பப்பையை எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று தொட்டியைக் காட்டி, "நா திரும்பி வரசொல்ல இது பூத்துகினு இருக்கணும்யா" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். இவர் அதைச் சகுனமாக நெஞ்சில் ஏற்றிக்கொண்டார். அல்லிக்கு ஒன்று ஆனால் அவளுக்கும் ஆகிவிடும் என்று அந்த வயதிலும் பயந்தார், பாவம்.

தொட்டியில் தண்ணீர் குறைந்தது. போர் தண்ணீர் உப்பு, லாரியும் வரவில்லை. ஏரியிலிருந்து சைக்கிளில் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். கொஞ்ச நாளில் பச்சைப் பெயின்ட் கொட்டினாற்போல் ஏடு படர்ந்து நாற ஆரம்பித்தது. நம்மாள் சும்மா இருப்பாரா? பழைய வேட்டியை நாலாக மடித்து, தண்ணீரை மொண்டு ஊற்றி, தங்கிய பச்சையை ஒட்டப் பிழிந்து, வடிந்ததையெல்லாம் திரும்பத் தொட்டியிலேயே விட்டார். ஆபரேஷன் முடிந்து முகப்பேரில் அக்கா வீட்டில் படுத்திருந்த வனஜாவுக்குப் போன் போட்டு, "தண்ணி கண்ணாடியாட்டம் கீதும்மே" என்று பீற்றிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் அல்லி படுத்தது. புது இலை உள்ளங்கை அளவுக்குக்கூட விரியவில்லை. பழைய இலைகள் வெளுத்துக் கொழகொழத்தன. வேர் பழுப்பேறி அழுகியது. வனஜா போனில் கேட்கும்போதெல்லாம், "மொட்டு வுட்டுகீது" என்றே சொல்லிவந்தார்.

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் மகள் தீபிகா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வேட்டில போட்டுப் பிழிஞ்சியா நைனா? அந்தப் பச்சை ஒரு நுண்ணுயிரு. உயிரோட இருக்கசொல்ல வெசத்த முக்காவாசி உள்ளயே வெச்சிகினு இருக்கும். நீ நசுக்குனதுல மொத்தமும் தண்ணில எறங்கிடுச்சி. கரைஞ்ச வெசத்த எந்தத் துணியும் புடிக்காது. அது வேர்ல பூந்துட்டா செல்லு ஒழுங்கா பிரியாது, இலை எப்டி வளரும்?"

கோவிந்தராஜ் பிழிந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மாவுக்கு எதுனா ஆயிடுமா?" என்று கேட்டார். அப்போதுதான் தீபிகாவுக்கு விஷயம் புரிந்தது. கோபம் போய் அழுகை வந்துவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டி, அழுகியதை வெட்டி எறிந்து, கிழங்கைக் கேன் தண்ணீரில் கழுவிக் கழுவி ஒரு வாளியில் போட்டாள்.

மறுநாள் வனஜா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வயிற்றைப் பிடித்தபடி நேராகப் பின்பக்கம்தான் போனாள். காலித் தொட்டியைப் பார்த்தாள்.

"மொட்டு வுட்டுச்சின்னியே, ஒரு போட்டோ அனுப்புனியா? அப்பவே தெரியும்யா."

நடந்ததைத் தீபிகாதான் சொன்னாள். வனஜா வாளிக்குள் கைவிட்டுக் கிழங்கை எடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் கீது."

"வேரு, இலை எல்லாம் போச்சேம்மே."

"எனக்குந்தான் உள்ள இருந்தத அறுத்து எடுத்தாங்க. நா ஊடு வந்து சேரல?"

கோவிந்தராஜ் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் கிழங்கை அவர் கையில் வைத்து மூடினாள்.

"போய் புது மண்ணு கொண்டாந்து நடு. எதையும் வடிகட்டாத. அப்பால எனக்கு டீ போடு. அத வேணா ரெண்டு தபா வடிகட்டிக்க."