லமினேற் செய்த பந்தெறிபவர்

சனிக்கிழமை காலை 8.40க்கு மோர்னிங்சைட்டிலிருந்து மச்சான் குகனின் காரில் புறப்பட்டோம். அஜக்ஸ் என்ற ஊரில் ஒரு சமூக மண்டபத்தில் பேஸ்போல் அட்டைச் சந்தை. தூரம் பத்தொன்பது கிலோமீற்றர்.

அந்த ஆட்டத்தின் ஆரம்பகால நட்சத்திரங்களின் படங்களைச் சிறு அட்டைகளில் அச்சிட்டு, நூறாண்டுக்கு முன் சிகரெட் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டார்களாம். அட்டை தீப்பெட்டியைவிடச் சற்று நீளம். அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், என் மனைவியின் தம்பி அவர்களில் ஒருவன் என்பதையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூன்றாம் நாள்தான் அறிந்தேன்.

குகனிடம் ஒரு பழைய அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் இருந்தார்கள். பந்து பிடிப்பவரின் இடம் பதினொரு வருடமாக வெறுமை. ஆனால் பந்தெறிபவரின் அட்டை இரண்டு இருந்தது.

"எறியிறதுக்கு ரெண்டு பேர் நிக்கினம், பிடிக்க ஒருத்தரும் இல்லை, அத்தான்" என்றான். இன்று பந்தெறிபவர் ஒருவரைக் கொடுத்துப் பந்து பிடிப்பவரை வாங்குவதென்று அட்டை விற்கும் அபியுடன் தொலைபேசியில் பேசி முடித்திருந்தான்.

மாற்றப்போகும் அட்டையை அவன் வெறும் கடித உறைக்குள் போட்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மாவட்டச் செயலகமான கச்சேரியில் முப்பத்து நான்கு வருடம் கோப்புகளோடு இருந்தவன் நான். மழையும் கறையானும் கடதாசியை என்ன செய்யும் என்று தெரியும். என் பிறப்புச் சான்றிதழ் முதல் ஓய்வூதிய அட்டை வரை எல்லாமே லமினேற் செய்யப்பட்டவை. வியாழக்கிழமை கடவுச்சீட்டைப் பிரதியெடுக்க டோர்செட் பார்க்கில் ஒரு கடைக்குப் போனபோது, நான்கு டொலருக்கு அந்த அட்டையையும் லமினேற் செய்து, சொல்லாமல் உறைக்குள் வைத்துவிட்டேன்.

9.15. நுழைவுக் கட்டணம் பத்து டொலர். மண்டபம் முழுக்க அட்டைகள், பெரும்பாலானவை தடித்த பிளாஸ்ரிக்குக்குள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். மூலை, விளிம்பு, நிறம் எல்லாம் பார்த்து ஒரு நிறுவனம் பத்துக்குள் புள்ளி போட்டு அடைத்துத் தருமாம். ஆட்களை வேலைக்கு எடுக்கக்கூட நான் இவ்வளவு கடுமையாக நேர்முகப் பரீட்சை நடத்தியதில்லை. ஆனாலும் எங்கும் பிளாஸ்ரிக்கைக் கண்டதும் என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

அபிக்கு முப்பது வயதிருக்கும், இங்கே பிறந்தவள். உறையிலிருந்து அட்டையை எடுத்தவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், இதை லமினேற் பண்ணியிருக்கு."

குகன் அட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஏதோ பிழையாகிவிட்டது, என்னவென்று விளங்கவில்லை. நான் வாய் திறக்குமுன் அவன் சொன்னான்.

"நான்தான் பிள்ளை செய்தனான். பழுதாகிடும் எண்டு."

"சொறி அங்கிள், என்னால இதை எடுக்கேலாது."

பிளாஸ்ரிக்குக்கும் பிளாஸ்ரிக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். அவர்களுடையது அட்டையில் ஒட்டுவதில்லை. நம்முடையது சூட்டில் உருகி ஒட்டிவிட்டது, உரித்தால் முகமும் சேர்ந்து வரும். விளக்கம் விளங்கியது. காப்பாற்றிய கடதாசி எப்படிச் செல்லாத கடதாசியாகும் என்பது மட்டும் விளங்கவில்லை.

பந்து பிடிப்பவரை ஒருமுறை பார்க்கலாமா என்று குகன் கேட்டான். இரண்டு கையாலும் வாங்கி, நெடுநேரம் பார்த்து, திருப்பிக் கொடுத்தான்.

திரும்பும் வழியில் குகன் காரை 401 நெடுஞ்சாலையில் ஏற்றினான்.

"நீ ஏன் அப்பிடிச் சொன்னனி?" என்றேன்.

"உங்களை எண்டால் அவள் ஏசியிருப்பாள். என்னை அவளுக்குக் கனகாலமாத் தெரியும்." பிறகு, "இனி மழையில போட்டாலும் ஒண்டும் ஆகாது, அத்தான்" என்றான். சிரித்தானா என்று பார்த்தேன். வீதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஊருக்குப் புறப்பட்ட நாளில் அந்த அட்டையை என் சட்டைப்பையில் வைத்துவிட்டான். ஓய்வூதிய அட்டையோடு அது ஒட்டிக்கொண்டு வந்தது.

கொழும்பில் நிரப்பிய சுங்கப் படிவத்தில் 'பழைய அட்டை, ஒன்று' என்று எழுதினேன். அடுத்த கட்டம், பெறுமதி. 'வியாழக்கிழமை காலை வரை ஒரு பந்து பிடிப்பவர்' என்று எழுத அங்கே இடமில்லை. வெற்றுக் கட்டத்தோடு வந்த எந்தப் படிவத்தையும் கச்சேரியில் நான் ஏற்றதில்லை. இதை அப்படியே விட்டுக் கையெழுத்திட்டேன்.